ரெபெக்காள் சொன்ன பதில்

எங்கள் லயத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

ஹல்துமுல்லைக்குக் கீழே மலைச் சரிவில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், அதுதான் லயம். பண்டாரவளைக்கு ரயில் வந்துவிட்டது, பதுளைக்கு இன்னும் வரவில்லை. மிஷனைச் சேர்ந்த உபதேசியார் ஒருவர் மாதத்துக்கு ஒரு முறை பண்டாரவளையிலிருந்து குடையும் தோள்பையுமாக இறங்கி வருவார். எங்கள் குடும்பத்துக்கு ஞானஸ்நானம் கிடைக்க வழி செய்தவர் அவர். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் காலை வேளையில் ஒரு வாத்தியாரை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தத் துரையிடம் பேசி அனுமதி வாங்கியவரும் அவர்தான். ஒரு தடித்த வேத புத்தகத்தையும், எந்த நாளில் எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று அச்சடித்த ஒரு தாளையும் அம்மா கையில் கொடுத்து, "வாசிச்சா மட்டும் பத்தாதும்மா. வாசிச்சத அன்னன்னைக்கு வாழ்க்கையில நடத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லா வீட்டிலும் அவர் சொல்கிற வார்த்தைதான். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அம்மா அந்தத் தாளைக் கஞ்சி தடவிக் காம்பராச் சுவரில் ஒட்டினாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு எல்லாரும் வந்து, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவி, அடுப்பில் உலை வைத்ததும் விளக்கை ஏற்றி என்னைக் கூப்பிடுவாள். வாசல் தாழ்வாரத்தில் சாக்கு விரித்து நாங்கள் உட்காருவோம். அம்மா, அம்மாவின் தங்கையான என் சித்தி, மடியில் தம்பி, பக்கத்துக் காம்பரா அத்தை, இன்னும் இரண்டு மூன்று பெண்கள். அப்பா உள்ளே படுத்தபடி கேட்பார். அத்தை வேதத்தில் சேர்ந்தவள் இல்லை. அவள் காம்பராவில் மாரியம்மன் படமும் திருநீறும் இருந்தன. கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக வந்தாள்.

நான் வாசித்து முடித்ததும் அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிடுவாள். பிறகு கேட்பாள்: "சரி, இத நாளைக்கு எதுல நடத்துறது?" அடுத்த நாள் கூடும்போது முதல் கேள்வி, "நேத்து சொன்னத நடத்துனியா?" என்பதாக இருக்கும். இந்த இரண்டு கேள்விக்கும் தப்பித்தவர் யாரும் இல்லை. பகைவரை நேசிக்க வேண்டும் என்ற பகுதி வந்த அன்று அத்தை நெடுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க கங்காணியையும் நேசிக்கணுமா மதினி?"

"ஆமா."

"அவரு அடுத்த மலையில நிக்கும்போது நேசிச்சாப் போதுமா?"

அம்மா யோசித்தாள். "மொதல்ல அப்படி ஆரம்பி" என்றாள்.

ஒரு வாரம் முழுக்க வெறும் பெயர்களாக வந்தது. இன்னாருக்கு இன்னார் பிறந்தார், அவருக்கு இன்னார் பிறந்தார். அதையும் அம்மா விடவில்லை. பிள்ளைகளுக்கு அவரவர் பாட்டன் பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அத்தைக்குத் தன் மாமனாரின் தகப்பன் பேர் தெரியவில்லை. இரண்டு நாள் மலையில் யார் யாரையோ விசாரித்து, கண்டுபிடித்துக்கொண்டு வந்து சந்தோஷமாகச் சொன்னாள்.

அந்தப் பெயர்கள்தான் என்னைக் கெடுத்தன. பல்லை உடைக்கும் பெயர்கள். ஒரு நாள் அலுத்துப்போய் ஏழெட்டுப் பெயர்களைத் தாண்டிவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பது ஒன்று, நான் சொல்வது ஒன்று என்று இருக்க முடியும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த எண்ணம் வந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

விடியற்காலையில் பீலியில் போய்த் தண்ணீர் பிடித்து வருவது என் வேலை. மூங்கில் குழாய் வழியாக மலை ஊற்று வந்து விழும் அந்த இடத்தில் மார்கழிக் குளிரில் நின்றால் விரல் மரத்துப்போகும். ஒரு மாலை, வாசித்துக்கொண்டே வந்த இடத்தில் என் பங்காக ஒரு வரியைச் சேர்த்தேன். குளிர் காலத்தில் சிறுபிள்ளைகள் நீரண்டைக்குப் போகாதிருப்பார்களாக. வேதத்தில் வருகிற மாதிரியே இழுத்து வாசித்தேன். மறுநாள் காலை கண் விழித்தபோது அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். கம்பளிக்குள் கதகதப்பாக இருந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

அடுத்தது முட்டை. அத்தையின் கோழி எங்கள் கீரைப் பாத்தியில் வந்து முட்டையிடும், எங்கள் கோழி அவள் விறகுக் கட்டுக்குள் போய் இடும். அதனால் தினம் ஒரு சண்டை. அண்டை வீட்டான் கோழி உன் நிலத்தில் இட்ட முட்டையை அவனுக்கே திருப்பிக் கொடு என்று வாசித்தேன். அன்றிலிருந்து முட்டைகள் கைமாறின, சண்டை நின்றது. "எவ்வளவு சின்ன விஷயத்தையெல்லாம் யோசிச்சு எழுதி வச்சிருக்காங்க!" என்று அத்தை வியந்துபோனாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தது இந்தச் சமயத்தில்தான்.

சித்திக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எங்களோடுதான் இருந்தாள். ஒரே கம்பளிக்குள் நானும் அவளும்தான் படுப்போம். பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்தும் சிரிக்கத் தெம்பு உள்ளவள். துரை எப்படி நடப்பார், கங்காணி பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது எப்படித் தொண்டையைச் செருமுவார் என்றெல்லாம் செய்து காட்டுவாள். மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவர் உபதேசியார். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரையின் குதிரைகளைப் பார்க்கிறவர். மனைவியை இழந்தவர், வேதக்காரர், குடிக்காதவர். தோட்டத்துச் சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பழைய பூட்ஸ் போட்டிருந்தார். நான்கு வயதுப் பெண் பிள்ளை ஒன்றையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பிள்ளை பேசவே இல்லை. ஒரு வினோதமான பழக்கம் மட்டும் அதற்கு இருந்தது. தகப்பன் எதற்காகவாவது கையைத் தூக்கினால், மீசையைத் தடவவோ ஈயை விரட்டவோ தூக்கினாலும், அது சட்டென்று தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். எனக்கு அது ஆமையைப் போல வேடிக்கையாக இருந்தது. அவர்கள் போன பிறகு சித்தியைச் சிரிக்க வைக்க அதை நான் செய்து காட்டினேன். ஒருவர் நடப்பதையும் பேசுவதையும் செய்து காட்டுவதில் எனக்குக் குரு அவள்தான். சித்தி சிரிக்கவில்லை. "போதும், நிறுத்து" என்றாள்.

அப்பாவுக்கு மிகுந்த திருப்தி. சித்தியைப் பார்த்து, "என்ன, சந்தோஷம்தான?" என்று கேட்டார். அது கேள்வி மாதிரி இருந்தாலும் கேள்வி இல்லை. சித்தி தலையைக் குனிந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் உபதேசியார் வரும்போது கல்யாண ஓலை எழுதுவது, யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று அதைப் பண்டாரவளை வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்த பிறகு கல்யாணம் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு சித்தி யாரையும் செய்து காட்டவில்லை. கம்பளிக்குள் அவள் புரண்டு புரண்டு படுத்தாள். அவள் புரளும்போதெல்லாம் என் மேலிருந்த பாதிக் கம்பளி போய்விடும். நானும் விழித்துக்கொள்வேன். கொஸ்லந்தை எவ்வளவு தூரம் என்று அப்பாவிடம் கேட்டேன். காலையில் புறப்பட்டால் பகல் சாய்வதற்குள் போய்விடலாம் என்றார். அது எனக்குச் சமுத்திரத்துக்கு அப்பால் என்று கேட்டது. அவள் போகக் கூடாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சுவரில் இருந்த தாளில் நாள் முன்னே நகர்ந்துகொண்டே போயிற்று. ஒரு நாள் ரெபெக்காளின் கதை வந்தது. கிழவராகிவிட்ட ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் பார்க்க வேலைக்காரரைத் தூர தேசத்துக்கு அனுப்புகிறார். அவர் பத்து ஒட்டகங்களோடு ஒரு கிணற்றடிக்கு வந்து சேர்கிறார். அங்கே குடத்தோடு வந்த ரெபெக்காள் அவருக்கும் தண்ணீர் கொடுத்து, ஒட்டகங்களுக்கும் இறைத்து ஊற்றுகிறாள்.

"ஒரு ஒட்டகம் எத்தனை கொடம் குடிக்கும்?" என்று அத்தை குறுக்கிட்டாள்.

"தெரியாது."

"மாடே நாலு கொடம் குடிக்குது. பத்து ஒட்டகம்னா! நல்ல புள்ளதான்."

அம்மா என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அவளே குடம் சுமக்க ஆரம்பித்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் வேகமாக வாசித்தேன்.

பெண் வீட்டார் சம்மதிக்கிறார்கள். மறுநாளே புறப்பட வேண்டும் என்று வந்தவர் அவசரப்படுகிறார். பத்து நாளாவது எங்களோடு இருக்கட்டுமே என்று தாயும் தமையனும் தயங்குகிறார்கள். கடைசியில், பெண்ணையே கேட்டுவிடுவோம் என்று ரெபெக்காளைக் கூப்பிட்டு, இவரோடு போகிறாயா என்று கேட்கிறார்கள்.

வாசிக்கும்போது என் கண் எப்போதும் வாயைவிட இரண்டு வார்த்தை முன்னால் போகும். அவள் சொன்ன பதில் ஒரே வார்த்தை. போகிறேன். அந்த வார்த்தையை நான் பார்த்துவிட்டேன். சாக்கின் மறு ஓரத்தில் கிழிந்த முந்தானையைத் தைத்துக்கொண்டிருந்த சித்தியையும் பார்த்தேன்.

"போகமாட்டேன் என்றாள்" என்று வாசித்தேன்.

"அட!" என்றாள் அத்தை. "அப்படியே சொல்லிட்டாளா? அப்புறம்?"

"இன்னைக்கு இவ்வளவுதான்" என்று புத்தகத்தை மூடினேன். மறுபடி திறக்கச் சொல்லிவிடுவார்களோ என்று இரண்டு கையையும் அதன் மேலேயே வைத்துக்கொண்டேன்.

வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அம்மா அன்று கேட்கவில்லை. தூங்கிப்போயிருந்த தம்பியை மடியிலிருந்து இறக்கிச் சாக்கில் படுக்க வைத்தாள். எழுந்து சித்தியின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"பொண்ணக் கூப்புட்டு வாயக் கேட்டிருக்காங்க. நாம கேக்கல. இப்பக் கேக்குறேன். நெசத்தச் சொல்லு. போறியா?"

சித்தி ஊசியைத் துணியில் குத்திவிட்டு, நிமிராமலே சொன்னாள். "போகலக்கா."

அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "என்ன வெளையாட்டு இது? வாக்குக் குடுத்தாச்சு."

"நாம குடுத்தோம். அவ குடுக்கல" என்றாள் அம்மா.

"மனுசன்கிட்ட என்ன கொறையக் கண்டா?"

சித்தி அம்மாவிடம்தான் சொன்னாள். "அந்தப் புள்ள தலைய இழுத்துக்கிட்டதப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்" என்றாள் அம்மா.

அப்பா மூலையில் கிடந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார். அந்தப் பிள்ளையின் தலைக்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் முயலவும் இல்லை. சித்தி போகவில்லை. என் ஒரு வார்த்தைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. இது மட்டும்தான் என் மனதில் ஓடியது.

அந்தச் சந்தோஷம் விடியும்வரைகூட நிற்கவில்லை. அந்த அதிகாரம் இன்னும் முடியவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மீதி வரிகளில் ரெபெக்காள் ஒட்டகத்தில் ஏறிப் புறப்படுகிறாள். தூரத்தில் ஈசாக்கைக் கண்டு இறங்கி முக்காடு போட்டுக்கொள்கிறாள். அவர்களுக்குக் கல்யாணமும் ஆகிறது. போகமாட்டேன் என்றவளை நான் எப்படி ஒட்டகத்தில் ஏற்றுவது?

மறுநாள் எனக்குக் கண்வலி வந்தது. அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி இரண்டு கண்ணிலும் பிழிந்தாள். பொய்க் கண்வலிக்குப் பிழிந்த சாற்றில் கண் நிஜமாகவே சிவந்துபோயிற்று. மூன்று நாள் வாசிப்பு நின்றது. நான்காம் நாள் அம்மா, "விட்டதப் பாக்க வேணாம், இன்னைக்கு உள்ளத வாசி" என்றாள். ஒரு நாளைக்கூட விடாத அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்க எனக்கு என்ன பைத்தியமா? தப்பித்தோம் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஆனால் அத்தை விடவில்லை. பீலியில், மலைப் பாதையில், விறகு பொறுக்கும் இடத்தில், எங்கே கண்டாலும் ஒரே கேள்வி. "அந்தப் பொண்ணு அப்புறம் என்னடி ஆனா?" வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்றேன். வந்த ஆள் என்ன ஆனான்? திரும்பிப் போய்விட்டான். வெறுங்கையோடா? வெறுங்கையோடுதான். அத்தை உச்சுக் கொட்டினாள். "பாவம். ஒட்டகம் தண்ணி குடிச்சதுதான் மிச்சம்."

நான் சொல்லும் ஒவ்வொரு பதிலும் அடுத்த பொய்யைக் கேட்டது. போதாக்குறைக்கு, வேத புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை இருந்ததைப் பள்ளிக்கூடத்தில் வாசித்திருந்தேன். இந்தப் புத்தகத்தின் வார்த்தைகளோடு எதையாவது கூட்டினாலோ குறைத்தாலோ வாதைகள் வரும் என்று இருந்தது. நான் கூட்டியும் இருந்தேன், குறைத்தும் இருந்தேன். கணுக்காலில் ஒரு அட்டைக்கடி வீங்கியது. இதுதான் முதல் வாதை என்று நினைத்தேன். தம்பி இருமினால் இரண்டாவது. சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போலவும், எழுந்தால் எங்கேயாவது ஓட வேண்டும் போலவும் இருந்தது. வீட்டிலும் சரியில்லை. அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சித்தி இப்போது நன்றாகத் தூங்கினாள். முழிப்பு எனக்கு மாறியிருந்தது.

உபதேசியார் வருகிற ஞாயிறு வந்தது. ஓலை எழுதத் தாளும் மைக்கூடும் கொண்டு வந்திருந்தார். பெட்டியின் மேல் துணி விரித்து அவரை உட்கார வைத்தார்கள். அம்மா தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். "ஐயா, தங்கச்சிக்குச் சம்மதமில்ல. மன்னிக்கணும்."

"போன மாசம் சரின்னீங்களேம்மா?"

"அப்பக் கேக்கல ஐயா. அப்புறம் கேட்டோம்."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

அம்மா தேயிலைத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள். அப்பாதான் சொன்னார். "வேதத்துல வந்துச்சுங்க ஐயா. அன்னைக்கு உள்ள பகுதியில, அந்தப் பொண்ணையே கூப்புட்டுக் கேட்டதாவும், அது போகமாட்டேன்னு சொல்லிட்டதாவும் புள்ள படிச்சா. இவ உடனே தங்கச்சியக் கேட்டுட்டா."

"எந்தப் பொண்ணு?"

"ரெபெக்காளு" என்றாள் தூணோரம் நின்றிருந்த அத்தை, தனக்குத் தெரிந்த சந்தோஷத்தில்.

உபதேசியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா" என்றார். எடுத்து வந்தேன். அவரே பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். "இங்கேருந்து படி. எல்லாரும் கேக்கட்டும்."

படித்தேன். தாயும் தமையனும் தயங்குகிற இடம் வந்தது. பெண்ணைக் கூப்பிடுகிற இடம் வந்தது. அந்த வார்த்தை வந்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "போகிறேன் என்றாள்" என்று படித்தேன். பொய் படித்தபோது ஆடாத குரல் உண்மையைப் படிக்கும்போது ஆடியது.

"கேட்டீங்களா?" என்றார் உபதேசியார். "போறேன்னுதான் இருக்கு. அந்தப் பொண்ணு ஒரு தடையும் சொல்லல. வேதத்தப் பாத்துத்தான் கேட்டீங்கன்னா, வேதம் சொல்றதையே நடத்துங்க." பிறகு சித்தியிடம், "புள்ள தப்பாப் படிச்சிருச்சும்மா. இப்ப நெசத்தக் கேட்டுட்ட. இப்ப என்ன சொல்ற?" என்றார்.

சித்தி அம்மாவின் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். "அந்தம்மா போனாங்க ஐயா" என்றாள். "நான் போகல."

தூணோரத்திலிருந்து அத்தை தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் உங்க வேதத்துல இல்ல ஐயா, தப்பா இருந்தா மன்னிச்சிருங்க. எனக்கு ஒரு சந்தேகம். போறியான்னு கேட்டா, போறேன்னும் பதில் வரும், போகலன்னும் பதில் வரும். வரணுமில்ல? ஒரு பதிலுதான் வரணும்னா அந்தப் பொண்ண எதுக்குக் கூப்புட்டுக் கேட்டாங்க? கேக்காமலே ஒட்டகத்துல ஏத்தியிருக்கலாமே?"

உபதேசியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷம் படித்தவர், பல தோட்டங்களில் பேசியவர். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் திரும்பினார்.

"நான் அந்த மனுஷனுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேம்மா. நாளைக்கு அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"எங்க மேல பழியப் போட்டுருங்க ஐயா" என்றாள் அம்மா. "வாயக் கேட்டுட்டேன். கேட்டதுக்கப்புறம் கேக்காத மாதிரி இருக்க எனக்குத் தெரியாது."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். தேயிலைத் தண்ணீரைத் தொடவில்லை. போகும்போது, "பொய் படிக்கிற புள்ளைய வச்சுக் கூட்டம் நடத்துறீங்க. இதுக்குத்தானா நான் பள்ளிக்கூடம் கேட்டு வாங்கினேன்?" என்றார். அப்பா அவர் குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்து எல்லைவரை பின்னாலேயே போனார். பிறகு நாலைந்து மாதம் உபதேசியார் எங்கள் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் வேறு தோட்டத்துக்கு மாற்றப்பட்டார். கொட்டகையில் மறுபடி கொழுந்துச் சாக்குகள் மட்டும் கிடந்தன. எனக்குப் பின்னால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்த பதினோரு பிள்ளைகள் எழுத்தை விட்டார்கள். அதை இப்போது நினைத்தாலும் என் மனம் ஒரு இடத்தில் நிற்காது.

அன்று மாலை அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா விளக்கை ஏற்றி, யாரையும் கூப்பிடாமல், என்னை மட்டும் எதிரே உட்கார வைத்தாள்.

"வேற எதையெல்லாம் மாத்துன?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தண்ணி எடுக்கிறதப் பத்தி வேதத்துல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"நாளையிலேருந்து கொடத்த எடு."

தலையாட்டினேன்.

"முட்டை?"

"அதுவும் இல்லம்மா."

அம்மா சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு அப்பால்தான் அத்தையின் காம்பரா. அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "அது இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அத்தைகிட்ட அதச் சொல்லாத."

ரெபெக்காளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தப்பித்தவள் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சில நாள்தான் இருந்தாள். பிறகு கொஸ்லந்தைப் பக்கமிருந்து யார் வந்தாலும், வண்டிக்காரரோ வளையல்காரரோ, அந்தக் குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினாள். "நான் போகல. அது அங்கதான இருக்கு" என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னாள். வேறு தோட்டத்தில் இருக்கிற பாட்டியிடம் பிள்ளையை அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். எது நிஜம் என்று கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த வருஷம், பதுளையில் தாயில்லாப் பெண் பிள்ளைகளை வைத்து வளர்க்கிற ஒரு வீட்டில் ஆள் தேவை என்று செய்தி வந்தது. அம்மா சித்தியைக் கேட்டாள். சித்தி போகிறேன் என்றாள். நான் அவள் துணி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "போகமாட்டேன்னு சொன்னியே!" என்று கத்தினேன்.

"அது அவருகூட" என்றாள் சித்தி. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள். எனக்காகத்தான் அவள் நின்றாள் என்று நான் நம்பியிருந்தேன். அவள் சிரித்தது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அவள் ஏறிய வண்டி வளைவில் திரும்புகிறவரை கூட நிற்காமல் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். போகமாட்டேன் என்று சொல்ல முடிந்தவளால்தான் போகிறேன் என்றும் சொல்ல முடியும் என்பதெல்லாம் அந்த வயதில் எட்டவில்லை.

எட்டாதது இன்னொன்றும் இருந்தது.

எனக்குப் பதினொரு வயதானபோது எங்கள் லயத்தில் வேதக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று நடந்தது. உபதேசியாரோடு ராசியாகிவிட்டிருந்தது. அவர் ஓலையோடு வந்து எல்லாவற்றையும் நடத்தினார். பெண் வீட்டார் சார்பாக ஜெபம் பண்ண அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து, மணமக்கள் ஈசாக்கும் ரெபெக்காளும் போல வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கல்யாணம் என்றால் பாதிரிமார் சொல்கிற ஆசீர்வாதம் அது. எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, அப்பா அம்மாவின் கல்யாணத்தையும் கோயிலில் ஆசீர்வதித்தபோது பாதிரியார் அவர்கள் தலையில் கை வைத்துச் சொன்னதும் அதே வார்த்தைதானாம். அப்போது எனக்கு மூன்று வயது. ரெபெக்காள் போனவள் என்று அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. நான் மாற்றிப் படித்த அந்த மாலையில், படித்த அந்த நொடியிலேயே, தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தம்பியைக் கீழே படுக்க வைத்துவிட்டுத் தங்கை முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கே பெண் பிள்ளைகள் பிறந்து, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகுதான் இதையெல்லாம் நான் சேர்த்துப் பார்த்தேன். அந்தக் கல்யாண நாளில் அம்மா கண்ணை மூடி ரெபெக்காளின் பேரைச் சொன்னபோது நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பாயசம் ஆறிப்போகிறதே, இந்த ஜெபம் எப்போது முடியும் என்று காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தேன்.